பாழான ஊர்களில் கல்லறை கணக்கெடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஈயஎழுத்து:
கோலார் தங்கவயல், சாம்பியன் ரீஃப் பக்கம் சுரங்கக் காலத்துக் கல்லறைத் தோட்டம். சுரங்கம் நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் வந்தது, 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்துக்கு மூடுவிழா நடந்தது எல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள். நாங்கள் மூன்று பேர். வரிசை எண், பெயர், வருடம், கல்லின் நிலை என்று எழுதிக்கொண்டே போனோம்.

ஏழாவது வரிசையில் ஒரு பளிங்குக் கல். ஈய எழுத்துகளை யாரோ நெம்பி எடுத்துப் போயிருந்தார்கள். எழுத்தைப் பிடித்திருந்த துளைகள்தான் மிச்சம். விரலால் தடவித் தடவி, இது ‘டி’யா ‘பி’யா என்று சண்டை போட்டு, ஒன்றரை மணி நேரத்தில் பெயரையும் கீழே கார்ன்வால் என்ற இங்கிலாந்துப் பகுதியின் பெயரையும் படித்துவிட்டோம். ஒரே குஷி.

ஆடு ஓட்டி வந்த ஒரு பாட்டி அவ்வளவு நேரமும் நின்று பார்த்திருக்கிறார். “எங்க ஊட்டுக்காரரு எத்தினியாவது நம்பரு தம்பி?” என்றார். மதில் ஓரம் ஒரு மண்மேடு, தலைமாட்டில் நாலு செங்கல். அதை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. பெயர் சொன்னார், தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். கணினியில் ஏற்றும்போது ‘கல்லில் உள்ள பெயர்’ என்றுதான் கட்டம் இருந்தது. ‘இல்லை’ என்று அடித்துவிட்டேன். மூன்று வருடமாகிறது.

மாரிக்குப்பத்தான்:
பாழான ஊர் என்று யார் சொன்னது? காலையில் மாரிக்குப்பத்தில் பெங்களூரு ரயில் ஏறிப் பாருங்கள், உட்கார இடம் கிடைக்காது. 1902லேயே சிவசமுத்திரத்திலிருந்து கரண்ட் வந்த ஊர் ஐயா இது. செத்தது சுரங்கம். அதில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் லைன் வீட்டில்தான், அதாவது சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீட்டில்தான் இருக்கிறோம்.

எங்கள் நைனாவும் அந்தத் தோட்டத்தில்தான். நெஞ்செல்லாம் கல்தூசி. அடக்கத்தன்று, தங்கம் பிரித்தபின் கழிவைக் கொட்டிய சைனைடு மேட்டிலிருந்து காற்று தூக்கி அடித்து எல்லோர் முகமும் வெள்ளை. அழுதவர்களுக்கு மட்டும் கன்னத்தில் கோடு. மரச்சிலுவைதான் நட்டோம், கரையான் தின்றது. உங்கள் கணக்கில் அவரும் ‘இல்லை’ போல.

சதுரங்கன்:
சண்டை வேண்டாம். என் கதை சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் பக்கத்து டச்சுக் கோட்டை. உள்ளே இருக்கும் கல்லறைகளுக்குப் பூட்டு, காவலாளி வந்துதான் திறப்பார். உச்சி வெயில், படுத்த கல், ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. எழுத்து தெரியட்டும் என்று சாக்பீஸை எடுத்துத் தேய்த்தேன். அவர் பேசவே இல்லை. குடத்துத் தண்ணீரைக் கல்மேல் ஊற்றிக் கழுவினார். “சாயங்காலம் வாங்க சார், அதுவே தெரியும்” என்றார்.

போனேன். வெயில் சாய்ந்து பக்கவாட்டில் விழுந்ததும் எழுத்துக்கு எழுத்து நிழல் கட்டியது. ‘ஹியர் லெய்ட் பெக்ராவன்’, இங்கே அடக்கம். எனக்குத் தெரிந்த ஒரே டச்சு. அந்தக் கல் முன்னால் சாக்பீஸோடு நின்றதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

பழங்கல்:
சாக்பீஸா! காவலாளிக்கு ஒரு கும்பிடு. படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சாக்பீஸ், மைதா, விபூதி எதுவும் கூடாது. கம்பி பிரஷ், ஆசிட், பிளீச்சிங் பவுடர் கனவிலும் கூடாது, பளிங்கு மாவாக உதிரும். வெறும் தண்ணீர், மெத்தென்ற பிரஷ். அதுவும் கல் பொரிந்திருந்தால் தொடவே வேண்டாம். வெயில் சாயும்வரை காத்திருக்க முடியாதா? முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று கொண்டுபோய் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடியுங்கள். படம் எடுக்கும்போது ஒரு ஸ்கேலை வையுங்கள். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்காதீர்கள், கல்லும் சேர்ந்து பெயரும். அடியோடு வெட்டினால் போதும், அதற்கு முன் கம்பால் தட்டுங்கள், பாம்பு இருக்கும். பேனா வேண்டாம், பென்சில், மழையில் கலையாது. சென்னை மாகாணக் கல்லறை வாசகங்களை ஜே.ஜே. காட்டன் தொகுத்து 1905இல் அச்சாகியிருக்கிறது. சதுரங்கன், போவதற்கு முன் அதைப் புரட்டியிருந்தால் பாதி வேலை மிச்சம்.

ஈயஎழுத்து, கல்லில் இல்லாததைப் பட்டியலில் ஏற்றக்கூடாது. நீங்கள் செய்தது சரிதான்.

என் அனுபவமா? ஒருமுறை பாம்பு பார்த்தேன்.

மாரிக்குப்பத்தான்:
சரிதானாம்! அச்சில் வந்தவன் மட்டும்தான் செத்தவனா? ஈயஎழுத்து, அந்தப் பாட்டி சொன்ன பெயரை இங்கே போடவேண்டாம், தனியாக எனக்கு அனுப்புங்கள். எந்த லைன் என்று அம்மாவைக் கேட்டால் சொல்லிவிடுவாள்.

ஈயஎழுத்து:
‘மண்மேடு, அருகில் இருந்தவர் சொன்னது’ என்று இன்னொரு கட்டம் சேர்த்துவிட்டேன், பழங்கல் மன்னிக்கவும். தாளும் நேற்று கிடைத்தது. பென்சில்தான், மழையும் படவில்லை. ஆனால் மடிப்பு சரியாக அந்தப் பெயரின் மேல் விழுந்து தேய்ந்திருக்கிறது. முதல் எழுத்து ‘மு’. நடுவில் இரண்டு எழுத்து தெரியவில்லை. கடைசியில் ‘ன்’. கண்ணாடியை வைத்து வெளிச்சம் அடித்தும் பார்த்துவிட்டேன்.

உங்கள் அம்மாவிடம் ஆடு வளர்க்கும் பாட்டி என்று கேட்டுப் பாருங்கள்.