பிரைட்ஹோர்ன்: கேபிள் கார் போறதால அது ஒருநாள் நடையா?

கல்லடிப்பாலம்:
ஜூலையில சுவிஸ் போற நம்மட ஆக்கள், "பனிமலை ஒண்டு ஏறோணும், ஒரு நாள்தான் இரிக்கு" எண்டு கேக்காங்க. பிரைட்ஹோர்ன் போதும். உயரம் 4164 மீற்றர். ஆனா கீழ உள்ள செர்மாற் ஊரில ஏறினா கேபிள் கார் கிட்டத்தட்ட 3820 மீற்றரில கொண்டு விட்டிரும். மிச்சம் 340 மீற்றர். குடும்பிமலை ஏறின காலுக்கு இது என்ன பெரிய வேலை? ரெண்டு மணித்தியாலத்தில உச்சி.

வாவிமீன்:
கழிச்சுப் பாத்தா 340 தான். ஆனா நிலையத்தால வெளிய வந்ததும் பாதை முதல்ல இறங்குது. திரும்பி வரக்குள்ள களைச்ச காலால அதை ஏறோணும். அது போகட்டும். நீங்க நடக்கிறது மண்ணில இல்ல, பனிக்கட்டியாத்தில, அதாவது மெல்ல நகர்ற ஐஸ் திணிவில. அதில உள்ள ஆழமான வெடிப்புகளைப் பனி மூடிக் கிடக்கும். இரவு இறுகின மூடி காலமை ஆளைத் தாங்கும், வெயில் ஏற இளகிரும். ரெண்டு பேர் மட்டும் கயிறு கட்டினா, ஒருத்தன் விழக்குள்ள மற்றவன் தனியத் தாங்கோணும். மூண்டு பேர் கட்டி, இடையில 8–10 மீற்றர் விட்டு, கயிறு தொய்யாமப் போகோணும். முன்னுக்கு வழிகாட்டி வேணும்.

கல்லடிப்பாலம்:
கோடையில அங்க றோட்டுப் போல தடம் கிடக்கு. கயிறில்லாமலும் ஆக்கள் போறாங்கதானே?

வாவிமீன்:
தடத்துக்குக் கீழ என்ன இரிக்கெண்டு தடம் சொல்லாது. முகில் இறங்கினா தடமும் தெரியாது, நிலமும் வானமும் ஒரே வெள்ளை. போன் வரைபடத்தை நம்பினா, குளிரில பற்றறி இறங்கிரும், உள்பொக்கற்றில வைங்க.

உச்சிக்கு முன்னால சரிவு 35 பாகை வரை வரும். சப்பாத்துக்கு அடியில பூட்டுற கிரம்பொன் முள்ளு கட்டாயம். ஓட்டச் சப்பாத்தில பூட்டினா வளைஞ்சு கழண்டிரும்; அடி விறைச்ச மலைச் சப்பாத்து வாடகைக்கு எடுக்கோணும். காலை அகட்டி, எல்லா முள்ளும் பதிய வைங்க. ஒட்டி வைச்சா முள்ளு மற்றக் காலின்ர காற்சட்டையில கொழுவி ஆளை உருட்டிரும். ஈரப்பனி முள்ளுக்குள்ள திரண்டா ஐஸ் கோடரிப் பிடியால தட்டிவிடுங்க. உச்சியில வடக்கு விளிம்புக்குக் கிட்டப் போகப்படாது. காத்துக் கட்டின பனி, கீழ ஒண்டுமில்லாம வெளிய நீட்டிக்கொண்டு நிக்கும்.

பாண்டிருப்பு:
ரெண்டு பேரும் மூச்சை மறந்திட்டீங்க. அங்க காற்றழுத்தம் நம்மட ஊரில உள்ளதில 60 வீதத்துக்குச் சற்று மேல, அவ்வளவுதான்.

கல்லடிப்பாலம்:
தலையிடி, சத்தி எல்லாம் வழமையா 6 மணித்தியாலத்துக்குப் பிறகுதானே தொடங்கும். அதுக்குள்ள கீழ வந்திரலாம்.

பாண்டிருப்பு:
மூச்சு வாங்கிறதுக்கு ஆறு மணித்தியாலம் தேவையில்ல. செர்மாற் 1600 மீற்றர். உடம்பு உயரத்துக்குப் பழக அங்க ரெண்டு இரவு தங்கி, இடையில ரயிலில கோர்னர்கிராற், 3089 மீற்றர், போய் வரட்டும். நெஞ்சு வருத்தக்காரர் முதல்ல டொக்டரிட்டக் கேக்கோணும். பனியில நடந்தாப் போதுமெண்டா, ரயிலிலயே போகக்கூடிய ஜொங்ஃப்ராவ்யொக்கில இருந்து மொன்ஷ்யொக் குடிலுக்குப் போகலாம். மெசினால சமப்படுத்தின பாதை, ஒரு மணித்தியாலத்துக்குள்ள போயிரலாம். அடையாளக் கம்பு தாண்டாட்டிக் கயிறும் வேணாம், முள்ளும் வேணாம்.

கல்லடிப்பாலம்:
அது மலை ஏறினதாகாது மச்சான். வழிகாட்டிக்குக் காசு கட்டுவம், கயிறும் கட்டுவம். அதுக்காக ஒருநாள் நடை இல்லாமப் போயிருமா? முதல் காரில போனா பனி இளக முதல் உச்சியை விட்டு இறங்கிரலாம்.

வாவிமீன்:
கடைசிக் கார் நேரத்தையும் பாத்து வைங்க. கண்ணாடி நாலாம் வகை, ஆகக் கறுத்தது, வேணும், சும்மா கூலிங் கிளாஸ் காணாது. பனி வெயிலைக் கீழ இருந்து திருப்பி அடிக்கும். நாடிக்குக் கீழயும் மூக்குத் துவாரத்திலயும் கிறீம் பூசுங்க. செர்மாற் இரிக்கிற வலே மாநிலத்தில மீட்பு இலக்கம் 144. பயணக் காப்புறுதியில பனிக்கட்டியாறு ஏறுறது அடங்குதா எண்டு எழுத்தில கேளுங்க. இல்லாட்டி ஹெலிகொப்டர் பில் உங்கட கையிலதான் வரும்.