பொருள்: மட்பாட், ஃபியூமரோல் – கலைச்சொல் வேண்டும்

அன்புடையீர், வணக்கம். எங்கள் தமிழ்ப் பள்ளி மாணவர்கள் கலிபோர்னியாவின் லாசன் எரிமலைத் தேசியப் பூங்காவில், பம்பஸ் ஹெல் மலைப்பாதையில் நடக்கவிருக்கிறார்கள். கையேடு வெள்ளிக்கிழமை அச்சேற வேண்டும். வெந்நீர் ஊற்றில் சிக்கல் இல்லை. கீழிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு கந்தக அமிலமாகிப் பாறையைக் களிமண்ணாக்க, அது குமிழியிட்டுக் கொதிக்கும் குழி மட்பாட். நீர் மேற்பரப்பை எட்டுமுன்பே ஆவியாகிச் சீறும் துளை ஃபியூமரோல். 'சேற்றுப்பானை', 'புகைத்துளை' என எழுதியிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

*

ஐயா, பானை ஆங்கிலத்தின் நிழல். 'அளறு' இருக்க நமக்கென்ன குறை? சேறு, நரகம் இரண்டும் அதன் பொருள்கள். 'பூரியர்கள் ஆழும் அளறு' (குறள் 919) என்னுமிடத்தில் இரண்டும் சேர்ந்தே ஒலிக்கின்றன. 1860-களில் மெல்லிய மேலோடு உடைந்து பம்பஸ் என்பவரின் கால் வெந்துபோன இடத்துக்கு நரகம் என்றே பெயர் நிலைத்திருக்க, 'கொதியளறு' என்பதினும் பொருத்தமானது எது? வினைத்தொகை ஆதலால் முக்காலமும் அடங்கும். அள்ளல், அளறு, அளை யாவும் ஒரே வேரின என்பது என் துணிபு. 'புலி சேர்ந்து போகிய கல்லளை' என்று புறநானூறு (86) குகையைச் சொல்வதால், ஃபியூமரோலை 'ஆவியளை' எனலாம்.

*

புலவர் ஐயாவின் புலமையை வணங்குகிறேன். ஆனால் 'அளை' என்று படிக்கும் பத்து வயதுப் பிள்ளைக்குப் புலிக்குகை நினைவுக்கு வராது, கையை விட்டு அளையத்தான் தோன்றும். அங்குள்ள பிக் பாய்லர் துளையின் ஆவி 161 பாகை செல்சியஸ் வரை அளக்கப்பட்டிருக்கிறது. எச்சரிக்கைக் குறிப்பில் அகராதி தேடவைக்கும் சொல்லை இடுவது தகாது. வெளிவருவது புகையன்று என்பதால் 'புகைத்துளை'யும் பிழை. கொதிசேறு, ஆவித்துளை போதும்.

*

'நீராவித்துளை' என்பது இன்னும் தெளிவல்லவா? வெறும் ஆவி என்றால் பேய் என்று கொள்வார்கள்.

*

நீராவியோடு கரியமில வாயுவும் வருகிறது. ஆகவே 'நீர்' வேண்டாம். நரகம் என்று பெயர்பெற்ற இடத்தில் பேய் இருந்தால் பிள்ளைகள் மகிழவே செய்வார்கள்.

*

அனைவருக்கும் நன்றி. பெரும்பான்மையோர் கருத்துப்படி கொதிசேறு, ஆவித்துளை என்றே அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

*

அனுப்பியது அனுப்பியதாக இருக்கட்டும். 'கொதிசேறு' சேற்றைச் சொல்கிறதே தவிர, அது கொதிக்கும் குழியைச் சொல்லவில்லை. அடுத்த பதிப்பிலாவது 'கொதியளறு' கருதப்பட வேண்டும் என்று பதிந்துவைக்கிறேன்.