மறுமொழி: ஜீரோ ரேட்டிங்குக்குத் தமிழ் – ‘கணக்குவிலக்கு’ சரிப்படுமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

குறிப்பிட்ட சில காணொளிச் சேவைகளைப் பார்க்கும்போது மட்டும் டேட்டா குறையாதபடி இணைய நிறுவனங்கள் செய்து தரும் ஏற்பாட்டுக்கு, அதாவது ஜீரோ ரேட்டிங்குக்கு, தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் சுழியக் கட்டணம், இலவசத் தரவு, அளவிலாத் தரவு, பாகுபாட்டுத் தரவு என்று நான்கு வந்துவிட்டன. என் பங்குக்கு ‘கணக்குவிலக்கு’ என்பதை முன்வைக்கிறேன்.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கைப்பேசிக் கடை நடத்துகிறேன். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து டாப் அப் செய்ய வருகிறவர்கள்தாம் என் வாடிக்கையாளர்கள். செம்பனைக்கு நடுவில் இருக்கிற அந்த வீடுகளில் பலவற்றுக்குக் கம்பிவழி இணையம் கிடையாது. சிம் கார்டில் வரும் டேட்டாதான் பிள்ளைகளின் பாடம், பெரியவர்களின் நாடகம், வெளியூரில் இருக்கும் மகளோடு பேசும் அழைப்பு எல்லாம். அதனால் எது கணக்கில் சேரும், எது சேராது என்பது அவர்களுக்கு மாதச் செலவுக் கேள்வி. “அண்ணே, இதுல நாடகம் பார்த்தா டேட்டா கணக்குல சேராதுல்ல?” என்றுதான் கேட்பார்கள். என் சொல்லின் முதல் பாதி அங்கிருந்து வந்தது.

‘வீடியோ இலவசம்’ என்ற விளம்பரத்தை நம்பி ஒரு பாட்டி பேரனுக்காக டேட்டாப் பொதி வாங்கினார். வாரம் முடியுமுன் டேட்டா காலி. பார்த்தால், சலுகை சில செயலிகளுக்கு மட்டும். பையன் பார்த்ததில் பாதி வேறு செயலியில். மீதியில் பல, வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொட்டு உலாவியில் திறந்தவை. உயர்தரக் காட்சி என்றால் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போய்விடும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டியை ஏமாற்றியது விளம்பரத்தில் இருந்த அந்த ஒரு சொல்தான். அதே சொல்லை நாமும் கலைச்சொல் பட்டியலில் ஏற்றக் கூடாது.

> ஜீரோ என்றால் சுழியம். நேரே பெயர்த்தால் போதுமே, ஏன் சுற்றி வளைக்க வேண்டும்?

கட்டணம் சுழியம் ஆவதில்லை ஐயா. வாடிக்கையாளர் பொதிக்கு முன்பே பணம் கட்டிவிட்டார். பொதியின் அளவிலிருந்து எது கழியாது என்பது மட்டுந்தான் இங்கே பேச்சு. இன்னொன்று, மலேசியாவில் இருக்கிறவனுக்கு ‘சுழிய விகிதம்’ என்றதும் நினைவுக்கு வருவது 2018 ஜூன் 1. அன்று 6 விழுக்காடாக இருந்த ஜிஎஸ்டி சுழியமானது. செப்டம்பர் 1-இல் எஸ்எஸ்டி என்ற விற்பனை, சேவை வரி வரும்வரை அப்படியே இருந்தது. 6 விழுக்காடு போட்ட பொருளுக்கெல்லாம் ஒரே மாதிரி குறைந்தது, இந்தக் கடைக்கு உண்டு அந்தக் கடைக்கு இல்லை என்று பிரிக்கவில்லை. நாம் பேசும் ஏற்பாட்டின் உயிரே அந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது. ‘சுழியம்’ அதை மறைத்துவிடுகிறது.

> ஜிஎஸ்டி காலத்தில் கணக்கெழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: சுழிய விகிதமும் விலக்கும் ஒன்றல்ல. ‘விலக்கு’ என்பது பிழையாகிவிடும்.

கிள்ளான் ஐயாவின் இந்த மறுப்பைத்தான் அதிகம் யோசித்தேன். வரியில் அவர் சொல்வது முற்றிலும் சரி. சுழிய விகிதப் பொருளை விற்பவர், தாம் வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்பக் கேட்கலாம். விலக்குப் பெற்ற பொருளை விற்பவர் கேட்க முடியாது. தொலைத்தொடர்பிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. நிறுவனத்தின் பொறி எந்தத் தரவையும் எண்ணாமல் விடுவதில்லை. எந்தச் சேவையகத்துக்குப் போகிறது, இணைப்பின் தொடக்கத்தில் என்ன பெயர் தெரிகிறது என்பதையெல்லாம் பார்த்துத் தரவைக் குழு பிரிக்கிறது. ஒரு குழுவுக்குச் சுழியம் என்று விலை போடுகிறது. போகிற இடத்தை மறைக்கும் விபிஎன் போட்டுக்கொண்டு பார்த்தால் சலுகை செல்லாமல் போவது இதனால்தான். போகிற இடம் தெரியாவிட்டால் குழு பிரிக்க முடியாது.

ஆகவே, கட்டணப் பொறியை வடிவமைக்கிறவர்கள் தங்கள் கையேட்டில் ‘சுழிய விகிதம்’ என்றே எழுதட்டும். அது அவர்கள் பார்க்கிற பக்கம். நான் சொல்லும் ‘கணக்கு’ வாடிக்கையாளரின் கணக்கு. அவர் கைப்பேசியில் மீதி என்று காட்டுகிற எண் குறையவில்லை, அந்தத் தரவு அவர் கணக்கிலிருந்து விலக்கப்பட்டது. நாளிதழும் தொலைத்தொடர்பு ஆணையமும் பள்ளி நூலும் பேச வேண்டியது இந்தப் பக்கத்தை.

‘இலவசத் தரவு’ என்பதற்கு வேறு ஒரு நேர்மையான வேலை இருக்கிறது. கொரோனா கால நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது இங்கே தொலைத்தொடர்பு நிறுவனங்கள் 2020 ஏப்ரல் 1 முதல், காலை 8 மணியிலிருந்து மாலை 6 மணிவரை நாளுக்கு 1 ஜிபி கொடுத்தனவே, அது இலவசத் தரவு. தொடக்கத்தில் அதை எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்க முடிந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் அதை வைத்துத்தான் வகுப்பில் உட்கார்ந்தார்கள். அந்த உதவியையும் குறிப்பிட்ட செயலிக்கான சலுகையையும் ஒரே பெயரால் அழைக்கவே கூடாது. ‘அளவிலாத் தரவு’ அன்லிமிடெட்டுக்கு ஏற்கெனவே புழங்குகிறது, அதை விட்டுவிடலாம்.

சென்னைத் தோழி முன்வைத்த ‘பாகுபாட்டுத் தரவு’ எனக்கு உணர்வளவில் உடன்பாடுதான். இந்தியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2016 பிப்ரவரி 8-இல் வெளியிட்ட விதிமுறை, உள்ளடக்கத்தைப் பார்த்துத் தரவுக்கு வேறுவேறு கட்டணம் வைப்பதைப் பாகுபாடு என்றே சொல்லித் தடுத்தது. சில நாள்களில் பேஸ்புக், குறிப்பிட்ட சில தளங்களை மட்டும் டேட்டாச் செலவின்றித் தந்த தன் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்தை அங்கே நிறுத்தியது. ஐரோப்பிய நீதிமன்றமும் 2021 செப்டம்பர் 2-இல், ஜெர்மனியின் இரு நிறுவனங்கள் தந்த இவ்வகைச் சலுகைகள் எல்லாத் தரவையும் சமமாக நடத்தச் சொல்லும் திறந்த இணைய விதிக்கு ஒவ்வாதவை என்று தீர்ப்பளித்தது. இந்தப் பொதிகளை விற்றுப் பிழைக்கிறவன்தான் நான். ஆனாலும் அந்தத் தீர்ப்புகள் சரி என்றே நினைக்கிறேன். ஒரு தமிழ்ப் பிள்ளை சிறிதாகக் காணொளித் தளம் தொடங்கினால், அதைப் பார்க்கிறவருக்கு டேட்டா குறையும். பெரிய நிறுவனத்தைப் பார்த்தால் குறையாது. அவன் எப்படித் தலையெடுப்பான்?

அப்படியிருந்தும், பெயரிலேயே தீர்ப்பைப் புகுத்த வேண்டாம் என்கிறேன். ‘இலவசம்’ நிறுவனத்தின் தீர்ப்பைச் சுமக்கிறது, ‘பாகுபாடு’ நம்முடையதை. ஏற்கிறவரும் எதிர்க்கிறவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச ஒரே சொல் வேண்டும்.

‘விலக்கு’ அதற்குத் தோதானது. வரிவிலக்கு என்று கேட்டதும் யார் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள், என்ன நிபந்தனை என்று தமிழர் எவரும் கேட்பார். கணக்குவிலக்கு என்றாலும் அதே கேள்விகள் தாமாக எழும். ‘கணக்குவிலக்கு அளிக்கும் நிறுவனம்’, ‘கணக்குவிலக்கு பெற்ற செயலி’ என்று எழுதிப் பாருங்கள், வாக்கியம் இடறவில்லை.

நிபந்தனை என்றதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் டி-மொபைல் நிறுவனம் 2015 நவம்பரில் பிஞ்ச் ஆன் என்ற காணொளிச் சலுகையைத் தொடங்கியபோது நெட்பிளிக்ஸும் ஹுலுவும் விலக்குப் பெற்றன. யூடியூப் 2016 மார்ச்சில்தான் சேர்ந்தது. ஆனால் காட்சித் தரத்தை 480 வரிகளுக்குக் குறைப்பது, விலக்குப் பெறாத சேவைகளையும் சேர்த்தே தாக்கியது. விலக்குப் பெற்றவர்களே மனம் மாறியதும் உண்டு. ஆஸ்திரேலியாவில் நுழைந்தபோது இத்தகைய ஏற்பாட்டை ஏற்றுக்கொண்ட நெட்பிளிக்ஸ், 2015 ஏப்ரலில் பங்குதாரர்களுக்கு எழுதிய மடலில், அது காணொளிச் சேவைகளுக்கிடையே பாகுபாட்டுக்குத் துணைபோவது, தவிர்த்திருக்க வேண்டும் என்று எழுதியது.

அப்புறம், இரண்டு சிறு செய்திகள். காணொளிக்கென்று தனியாக 10 ஜிபி, 20 ஜிபி என்று ஒதுக்கித் தரும் பொதிகள் கணக்குவிலக்கு ஆகா, அவற்றுக்கும் கணக்கு உண்டு. ‘தனியொதுக்கீடு’ என்றால் போதும். உள்ளடக்க நிறுவனமே வாடிக்கையாளரின் டேட்டாச் செலவைக் கட்டிவிடுவது வேறு வகை. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் 2014-இல் ‘ஸ்பான்சர்டு டேட்டா’ என்று இப்படி ஒன்று தொடங்கியது. அதற்குப் ‘புரவலர் தரவு’ என்று இந்த இழையில் எழுதியிருந்தீர்கள். புரவலர் பயன் கருதாமல் கொடுப்பவர், இவர்கள் அப்படியல்லர். ‘செலவேற்புத் தரவு’ வரை யோசித்திருக்கிறேன், எனக்கே முழு நிறைவில்லை. இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.

‘கணக்கு விலக்கு’ என்று பிரித்து எழுதினால் பயனர் கணக்கை நீக்குவதாகப் படிக்க இடமுண்டு. அதனால் சேர்த்தே எழுதலாம், கட்டுரையில் முதல்முறை வரும்போது ‘தரவுக் கணக்குவிலக்கு’ என்று விரித்துவிடலாம். மறுப்பு இருந்தால், பட்டியலைத் தொகுக்கும் ஈப்போ அம்மா அடுத்த பதிப்பை மூடுமுன் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து