புல்வெட்டி மிசின் பத்துச் செக்கனில் நின்றுவிடுகிறது, கயிறு கையைப் பிடுங்குகிறது: உதவி தேவை

முள்ளியவளை மைதானம் | ஞாயிறு இரவு

வணக்கம். எங்கள் விளையாட்டுக் கழகத்திடம் தள்ளிக்கொண்டு போகிற பெற்றோல் புல்வெட்டி ஒன்று இருக்கிறது. 160 சிசி, நான்கு ஸ்ட்ரோக். வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் காசு சேர்த்து இரண்டு வருடத்துக்கு முன் வாங்கித் தந்தது. அதற்கு முன்பெல்லாம் மைதானத்தைச் செருக்க இருபது பேர் இரண்டு நாள் மினக்கெட வேண்டும். அதனால் இந்த மிசினைச் சும்மா கிடக்க விட மனம் வரவில்லை.

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்த கையோடு கழக அறைக்குள் வைத்துப் பூட்டினோம். தாங்கியில் அரைவாசிப் பெற்றோல் இருந்தது, அப்படியே விட்டுவிட்டோம். இப்போது சித்திரை. கயிற்றை ஐந்தாறு தரம் இழுத்தால் பற்றுகிறது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஓடிவிட்டுப் பத்துச் செக்கனில் நிற்கிறது. சில தரம் இழுக்கும்போதே கயிறு வெடுக்கென்று உள்ளே போய் விரலைப் பிடுங்குகிறது. நேற்று ஒரு பெடியனுக்கு விரல் வீங்கிவிட்டது.

பிளக்கைத் துடைத்துப் பார்த்தேன், நெருப்பு வருகிறது. ஒயில் அளவு சரி. பழைய பெற்றோலுக்கு மேலேயே புதிது ஒரு லீற்றர் விட்டும் பார்த்தேன். வைகாசிப் பொங்கலுக்கு முன் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி வைத்திருக்கிறோம். புல் முழங்காலுக்கு வந்துவிட்டது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாங்குளம் சந்தி | ஞாயிறு இரவு

அண்ணை, எங்களுடைய பற்றை வெட்டுகிற மிசினும் இப்படித்தான் செய்தது. பெற்றோலுக்கு டூரீ (2T) ஒயில் கலந்து விட்ட பிறகு நன்றாக ஓடுகிறது. லீற்றருக்கு 40 மில்லி போட்டுப் பாருங்கள்.

பரந்தன் பம் திருத்துநர் | திங்கள் காலை

மாங்குளம் தம்பி, உங்களுடையது தோளில் கொழுவுகிற இரண்டு ஸ்ட்ரோக் மிசின். அதற்கு ஒயில் பெற்றோலோடுதான் போக வேண்டும், கலக்காவிட்டால் பிஸ்டன் இறுகிவிடும். முள்ளியவளைத் தம்பியுடையது நான்கு ஸ்ட்ரோக். ஒயில் கீழே தனியாக நிற்கிறது. அதற்கும் கலந்து விட்டால் புகைக்கும், பிளக் கறுக்கும், வருத்தம் மாறாது. எங்கள் பக்கம் இரண்டு வகையும் ஒரே கொட்டிலுக்குள் நிற்பதால் இந்தப் பிழை அடிக்கடி நடக்கிறது. கலனுக்கு வெளியே பெயின்ரால் எழுதி வையுங்கள்.

முள்ளியவளைத் தம்பி, ஆறு மாதம் நின்ற பெற்றோல் பெற்றோலே இல்லை. மூடியைத் திறந்து மணந்து பாருங்கள். வார்னிஷ் மணம் வந்தால் அதற்கு மேல் புதிது விட்டுப் பயனில்லை. முழுவதையும் இறக்குங்கள்.

பற்றி, ஏறி இறங்கி ஓடி, நிற்பது என்றால் காபறேற்றரின் ஜெட், அதாவது பெற்றோல் போகிற சின்னத் துவாரம், அடைபட்டிருக்கிறது. பெற்றோல் ஆவியாகிப் போனாலும் அதிலிருக்கும் பிசின் போகாது, துவாரத்தில் படிந்துவிடும். அந்தத் துவாரம் மிகவும் சின்னது. முதலில் பிளக் வயரைக் கழற்றி ஒரு பக்கம் ஒதுக்கி வையுங்கள். பெற்றோல் குழாயைக் குறட்டால் மெல்லப் பிடித்து அடையுங்கள். காபறேற்றருக்கு அடியில் சின்னக் கிண்ணம் ஒன்று தொங்கும், அதன் நடு ஆணி பெரும்பாலும் 10ஆம் நம்பர் ஸ்பனருக்கு வரும். அதைக் கழற்றினால் கிண்ணம் கையில் வந்துவிடும். கிண்ணத்தை ஆட்டாமல் வெயிலுக்குப் பிடித்துப் பாருங்கள். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் உருளும், சுற்றிவரப் பனங்கட்டிப் பாகு காய்ந்த மாதிரி மண்ணிறமாக ஒட்டியிருக்கும். இரண்டும் இருந்தால் நான் சொல்வது சரி.

நடுவில் நிற்கும் ஜெட்டைத் திருகிக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மின்வயருக்குள் இருக்கும் செப்பு நூலில் ஒன்றை உருவி அதை மட்டும் விடுங்கள். தையல் ஊசி, கம்பி ஒன்றும் வேண்டாம். பித்தளை மெது, துவாரம் பெருத்துவிட்டால் பிறகு மிசின் பெற்றோலைக் குடித்துக் கரும்புகை கக்கும். காபறேற்றர் கழுவுகிற ஸ்பிரே இருந்தால் அடியுங்கள், இல்லாவிட்டால் சைக்கிள் கடையில் காற்றுப் பிடியுங்கள்.

மிசினைச் சரிக்க வேண்டி வந்தால் எயார் பில்டர் இருக்கும் பக்கம் மேலே நிற்கட்டும். மறுபக்கம் சரித்தால் ஒயில் முழுக்கப் பில்டருக்குள் போய்விடும்.

பழைய துணுக்காய் | திங்கள் மதியம்

தம்பிமார், போர்க்காலத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது நாங்கள் சில சொட்டுப் பெற்றோலில் பற்ற வைத்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினவர்கள். அந்த நினைப்பில் போன வருடம் என் மருமகன் இப்படியான ஒரு புல்வெட்டிக்கு மண்ணெண்ணெய் கலந்துவிட்டான். ஓடியது உண்மை. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையத்தால் கீழே இறங்கி ஒயிலோடு சேர்ந்து, ஒயில் தண்ணீராகிவிட்டது. சத்தம் மாறிய பிறகுதான் பார்த்தோம். அன்று வேறு வழி இல்லாமல் செய்தோம். இன்று செட்டில் பெற்றோல் கிடைக்கும்போது அதைச் செய்ய வேண்டாம்.

நெடுங்கேணி ரீச்சர் | திங்கள் மாலை

எங்கள் பாடசாலையிலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. காபறேற்றரைக் கழற்ற முன் சைலன்சர் வாயையும், பெற்றோல் தாங்கி மூடியில் உள்ள காற்றுத் துவாரத்தையும் ஒருக்கால் பாருங்கள். எங்களுடையது இருபது நிமிடம் வெட்டும், பிறகு நிற்கும். மூடியைத் திறந்து பூட்டினால் திரும்ப இருபது நிமிடம் ஓடும். பார்த்தால் மூடித் துவாரத்தில் தூசும் ஒயிலும் இறுகிப் போயிருந்தது. காற்று உள்ளே போகாவிட்டால் பெற்றோல் கீழே இறங்காது. சைலன்சருக்குள் குளவி மண் வைத்துக் கட்டியிருந்தது இன்னொரு முறை. மாரி முழுக்க அறைக்குள் கிடந்த மிசினில் இது சாதாரணம்.

முள்ளியவளை மைதானம் | செவ்வாய் இரவு

எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்ன மாதிரியே கிண்ணத்தில் தண்ணீர் முத்து இருந்தது, பாகும் இருந்தது. ஜெட்டில் வெளிச்சமே தெரியவில்லை. செப்பு நூலால் எடுத்தோம். ரீச்சர், குளவி மண் இல்லை, ஆனால் எயார் பில்டரைத் தட்டியபோது செம்மண் கொட்டியது.

இப்போது நிற்காமல் ஓடுகிறது. ஆனால் ஓட்டம் கரடுமுரடு. இடைக்கிடை சைலன்சரில் டப் என்று வெடிக்கிறது. கயிறு பிடுங்குவது கொஞ்சமும் குறையவில்லை. காபறேற்றரைத் திரும்பவும் கழற்றட்டுமா?

பரந்தன் பம் திருத்துநர் | செவ்வாய் இரவு

வேண்டாம், இனிக் கயிற்றைத் தொடவும் வேண்டாம். கயிறு பிடுங்குகிறது என்று நீங்கள் முதல் நாளே எழுதியிருந்தீர்கள். நான் பெற்றோலிலேயே நின்றுவிட்டேன், அதற்கு நான்தான் கவனமாக இருந்திருக்க வேண்டும்.

ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். கடைசியாக வெட்டிய அன்று பிளேட் எதிலாவது அடிபட்டு மிசின் சடாரென்று நின்றதா?

முள்ளியவளை மைதானம் | புதன் காலை

நான் அன்று நிற்கவில்லை. பெடியளைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருவன் சொன்னான், வடக்குக் கோல்போஸ்டுக்குப் பின்னால் புல்லுக்குள் ஏதோ ஒன்றில் அடித்து நின்றதாம். மழையும் பிடித்ததால் அப்படியே உள்ளே தள்ளியிருக்கிறார்கள். நான் ஏசவில்லை.

பழைய துணுக்காய் | புதன் காலை

அடிபட்டது மரமா இரும்பா என்று முதலில் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள். மைதானம் வெடிபொருள் அகற்றி விட்ட இடமாகவே இருக்கலாம். இருந்தாலும் எங்கள் மண்ணில் மழை கழுவிய பிறகு இரும்பு மேலே வருவதை நான் கண்டிருக்கிறேன். தெரியாத இரும்பு என்றால் கையாலும் தொடாதீர்கள், அலவாங்காலும் கிண்டாதீர்கள். ஒரு கம்பு நட்டு அடையாளம் வைத்துவிட்டு 119க்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். பெடியளை அந்தப் பக்கம் விட வேண்டாம்.

முள்ளியவளை மைதானம் | புதன் மதியம்

பார்த்துவிட்டோம் ஐயா. வடலி அடி. முன்பு வெட்டிய வடலியின் அடிக்கட்டை நாலு விரல் உயரத்துக்கு நிற்கிறது. அதன் மேல் பிளேட் சீவிய வெட்டு இப்போதும் தெரிகிறது. தேடிப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் இன்னும் பத்துப் பன்னிரண்டு கட்டைகள் இருக்கின்றன.

பரந்தன் பம் திருத்துநர் | புதன் மாலை

அப்படியென்றால் பிளைவீல் கீ போய்விட்டது. மேல் மூடிக்குக் கீழே சுற்றும் பாரமான சக்கரம்தான் பிளைவீல். அதன் ஓரத்தில் உள்ள காந்தம் கொயிலைக் கடக்கும்போது பிளக்கில் நெருப்பு விழும். பிளைவீலும், பிளேட்டைச் சுற்றும் தண்டான கிராங் சாப்டும் ஒன்றை விட்டு ஒன்று நகராமல் இருக்க நடுவில் ஒரு சின்னக் கட்டை, அதுதான் கீ. பிளேட் வடலி அடியில் அடித்ததும் கிராங் சாப்ட் நின்றுவிட்டது. பிளைவீல் பாரம், அது நிற்காமல் கொஞ்சம் முன்னே சுற்றிக் கீயை நசித்துவிட்டது. இப்போது காந்தம் முந்திப் போகிறது, நெருப்பும் முந்தி விழுகிறது. பிஸ்டன் மேலே வந்து முடியும் முன்பே வெடித்து அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. கயிறு கையைப் பிடுங்குவது அதனால்தான்.

கீயைத் தொட முன் இன்னொன்று. பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு ஒருவர் கயிற்றை மெல்ல இழுக்க, மற்றவர் தள்ளி நின்று பிளேட் ஆணியின் நடுவைப் பார்க்க வேண்டும். ஆணி ஒரே இடத்தில் சுற்றினால் நல்லது. நெளிந்து நெளிந்து சுற்றினால் கிராங் சாப்ட் வளைந்துவிட்டது. அப்படியானால் அந்த மிசினை ஓட்டவே கூடாது, பிளேட் கழன்று பறந்தால் காலோடு போய்விடும்.

சரியாகச் சுற்றினால் மேல் மூடியையும் கயிற்றுப் பெட்டியையும் கழற்றுங்கள். பிளைவீல் நட்டைக் கழற்றும்போது சக்கரத்தின் செட்டைகளுக்குள் ஸ்குரூ டிரைவரைச் செருகிப் பிடிக்க வேண்டாம், அலுமினியம் உடைந்துவிடும். பட்டியால் சுற்றிப் பிடியுங்கள். சக்கரத்தை எடுக்கப் புல்லர் இருந்தால் நல்லது, பக்கத்துக் கராஜில் இரவல் கேளுங்கள். சாப்டின் தலையில் இரும்புச் சுத்தியலால் அடித்தால் பிறகு நட்டு ஏறாது.

பழைய கீயைக் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்குங்கள். வாட்டர் பம் கீ எல்லாம் இதற்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆணியை அராவிப் போடலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். கீ மென்மையான உலோகமாக இருப்பது நல்லதுக்குத்தான். உருக்குப் போட்டால் அடுத்த அடியில் சாப்டும் சக்கரமும் பழுதாகிவிடும். பூட்டும்போது சாப்டின் கூம்புப் பகுதியைச் சுத்தமாகத் துடையுங்கள். அதில் ஒயில், கிறீஸ் எதுவும் இருக்கக் கூடாது.

நெடுங்கேணி ரீச்சர் | புதன் இரவு

மேல் மூடி கழன்ற கையோடு சிலிண்டரைச் சுற்றியுள்ள செட்டைகளுக்கு இடையில் அடைந்திருக்கும் காய்ந்த புல்லையும் எடுத்துவிடுங்கள். கச்சான் காற்று வீசும் வெயிலில் அது அடைந்திருந்தால் இயந்திரம் வெந்துவிடும். பிளேட்டை அராவும்போது இரண்டு பக்கமும் சமமாக அராவுங்கள். சுவரில் ஒரு ஆணி அடித்து நடுத் துவாரத்தில் தொங்கவிட்டால் எந்தப் பக்கம் பாரம் என்று தெரிந்துவிடும்.

முள்ளியவளை மைதானம் | சனி இரவு

ஓடுகிறது. இரண்டாவது இழுவையில் பற்றியது. கயிறு கையோடு இதமாக வருகிறது.

சாப்ட் நேராகத்தான் இருந்தது. சக்கரத்தைத் தூக்கியபோது சாப்டின் வெட்டும் சக்கரத்தின் வெட்டும் நேருக்கு நேர் நிற்கவில்லை, பாதிக்குப் பாதி விலகி நின்றன. கீ என் சுண்டுவிரல் நகத்தளவு. நடுவில் படி வைத்த மாதிரி நசிந்து, நசிந்த இடம் மட்டும் வெள்ளியாய் மினுங்கியது. இவ்வளவு சின்னதற்காகவா ஒரு கிழமை பாடுபட்டோம் என்று எல்லாரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். புதியது கிளிநொச்சியில் கிடைத்தது. பிளக்கும் புதிது போட்டோம்.

இனி ஒரு கேள்வி. இந்த மாரிக்கு எப்படி வைப்பது? ஒயில் எப்போது மாற்றுவது?

பரந்தன் பம் திருத்துநர் | ஞாயிறு காலை

நல்ல செய்தி தம்பி. ஒயிலை 50 மணித்தியால ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். எங்கள் வெயிலுக்கு எஸ்.ஏ.ஈ. 30 போதும். இந்த அளவு இயந்திரத்துக்கு அரை லீற்றரை விடச் சற்றுக் கூடப் பிடிக்கும், அளவுக் கம்பியைப் பார்த்தே விடுங்கள். கம்பியை மணந்தால் பெற்றோல் மணக்கிறதா? மணந்தால் இப்போதே மாற்றுங்கள், இழுத்து இழுத்து உள்ளே இறங்கியிருக்கும். பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. வரை. எங்கள் செம்மண் தூசிக்கு எயார் பில்டரை ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் பார்க்க வேண்டும். பஞ்சு என்றால் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவிடலாம், கடதாசி என்றால் தட்டலாம், கழுவக் கூடாது.

மாரிக்கு வைக்கும்போது தாங்கியை வெறுமையாக்குங்கள். பிறகு தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள், கிண்ணத்தில் மிஞ்சியதும் தீர்ந்துவிடும். கயிற்றை மெல்ல இழுத்து, கனமாகும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அந்த நிலையில் வால்வுகள் இரண்டும் மூடி நிற்கும், ஈரம் உள்ளே போகாது. பெற்றோல் இரண்டு மூன்று கிழமைக்குத் தேவையானது மட்டும் வாங்குங்கள்.

இப்போது முழங்கால் உயரப் புல்லில் இதை நேரே விடாதீர்கள். முதலில் மாங்குளம் தம்பியின் மிசின் போல ஒன்றால் சீவிவிட்டு, பிளேட்டை உயர்த்தி ஒருமுறை, இறக்கி ஒருமுறை.

மாங்குளம் சந்தி | ஞாயிறு காலை

அண்ணை, எங்கள் மிசினைச் செவ்வாய்க்கிழமை கொண்டு வரட்டுமா? கலந்த பெற்றோலும் கொண்டு வருகிறேன்.

நெடுங்கேணி ரீச்சர் | ஞாயிறு மதியம்

கொண்டு போனால் திரும்பும் முன் கழுவிவிட்டு ஏற்றுங்கள் தம்பி. மைதான ஓரத்தில் பாதீனியக் களை இருந்தால் அதன் விதை மிசினில் ஒட்டி ஊர் மாறும். பூக்க முன் கையுறை போட்டு வேரோடு பிடுங்கினால் இன்னும் நல்லது.

முள்ளியவளை மைதானம் | செவ்வாய் இரவு

மாங்குளம் தம்பி விடியவே வந்துவிட்டார். அவர் சீவச் சீவ, பெடியள் பின்னால் அலவாங்கோடு போய் வடலி அடிகளைக் கிண்டினார்கள். அன்று வாய் திறக்காமல் நின்றவன்தான் முன்னுக்கு நின்றான். பதினொன்று கழன்றது. இரண்டு மட்டும் அசையவில்லை, அவற்றைச் சுற்றிச் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருக்கிறோம். தெற்குப் பாதி வெட்டி முடிந்தது, வடக்குப் பாதி நாளைக்கு.

ஒயிலில் பெற்றோல் மணந்தது ஐயா. வெட்டத் தொடங்க முன்பே மாற்றிவிட்டோம்.