விரியும் குழாயில் அழுத்த இழப்பு பொருந்தியது, ஓட்டம் பொருந்தவில்லை: உங்கள் அனுபவங்களையும் பகிருங்கள்

முதல் பதிவு

முதுகலைப் படிப்பின் இறுதியாண்டில், விட்டம் திடீரென இருமடங்காகும் ஒரு குழாயில் நீரின் கொந்தளிப்பு ஓட்டத்தை (ஒழுங்கற்ற சுழல்கள் நிறைந்த ஓட்டத்தை) கணினியில் கணிக்கும் பணி எனக்குத் தரப்பட்டது. ஓட்டம் எந்த அளவு கொந்தளிக்கும் என்பதைக் காட்டும் ரெனால்ட்ஸ் எண், சிறிய குழாயில் ஏறத்தாழ 60,000. லாண்டரும் ஸ்பால்டிங்கும் 1974-இல் வெளியிட்ட, கொந்தளிப்பின் விளைவைத் தோராயமாகக் கணிக்கும் கே-எப்சிலான் மாதிரியை, 0.09, 1.44, 1.92 என்ற அதன் மாறிலிகளில் கைவைக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டேன். பரப்பு நான்கு மடங்காவதால், திடீர் விரிவில் ஏற்படும் அழுத்த இழப்புக்கான போர்டா-கார்னோ சூத்திரத்தின்படி இழப்புக் கெழு (இழப்பின் அளவைக் காட்டும் எண்) 1-இலிருந்து கால் பங்கைக் கழித்து வரும் 0.75-இன் வர்க்கம், அதாவது 0.5625. என் கணிப்பும் அதை ஒட்டியே வந்தது. மாதிரி சரிபார்க்கப்பட்டுவிட்டது என்று அறிக்கையில் எழுதினேன்.

அதைப் படித்த என் வழிகாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சுவரை விட்டுப் பிரிந்த ஓட்டம், மீண்டும் சுவரைத் தொடும் இடம் எது?" ஆய்வகத்தில் இருந்த கண்ணாடிக் குழாயில் சாயத்தைச் செலுத்திப் பார்த்தோம். குழாய் திடீரென விரியும் படி போன்ற விளிம்புக்குப் பின்னால் சாயம் பின்னோக்கிச் சுழன்ற பகுதி, நான் கணித்ததைவிட நன்றாகவே நீண்டிருந்தது.

அழுத்தம் பொருந்தியும் ஓட்டம் பொருந்தாமல் போனது எப்படி என்பது விளங்க எனக்குப் பல நாட்கள் ஆயின. போர்டா-கார்னோ சூத்திரம் கொந்தளிப்பைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. அந்தப் படியின் முகப்பில் அழுத்தம் சிறிய குழாயின் அழுத்தத்துக்குச் சமம் என்று கொண்டு, உந்த அழிவின்மையிலிருந்து நேரடியாகப் பெறப்படுவது அது. உந்தச் சமன்பாட்டைத் தீர்க்கும் எந்த மாதிரியும், இடையில் சுழல்களை எவ்வளவு தவறாக வரைந்தாலும், போதிய தொலைவு கடந்தபின் ஏறத்தாழ அதே அழுத்தத்துக்குத்தான் வந்து சேரும். நான் சரிபார்த்தது நியூட்டனின் விதியையே தவிர, என் மாதிரியை அன்று.

கே-எப்சிலான், பிரிந்த ஓட்டத்தின் விளிம்பிலுள்ள நறுக்கு அடுக்கில் (வேகம் சட்டென மாறும் மெல்லிய பகுதியில்) கொந்தளிப்புப் பாகுமையை, அதாவது சுழல்கள் ஓட்டத்தைக் கலக்கும் திறனை, மிகையாகக் கணிக்கிறது. அதனால் கலத்தல் விரைவாகி, ஓட்டம் முன்கூட்டியே சுவரைத் தொடுகிறது. டிரைவரும் சீக்மில்லரும் 1985-இல் பின்படி ஒன்றில் (ஓட்டம் இறங்கிச் செல்லும் படியில்), படியிலிருந்து ஓட்டம் மீண்டும் சுவரைத் தொடும் இடம்வரை அளந்த தூரம் படி உயரத்தைப்போல் 6.26 மடங்கு, இந்த மாதிரியோ வழக்கமாக 5 மடங்கை ஒட்டியே நின்றுவிடுகிறது. என் பங்குக்கு நானும் மூன்று பிழைகளைச் சேர்த்திருந்தேன். முதல்படித் துல்லிய முறை என்ற தோராயமான கணக்கீட்டு முறையைப் பயன்படுத்தியதால், எண்கணிதமே ஒரு போலிப் பாகுமையைக் கூட்டியிருந்தது. நுழைவாயிலில் தட்டையான வேகப்பரவலைக் கொடுத்திருந்தேன். அந்த ரெனால்ட்ஸ் எண்ணில் ஓட்டம் முழு வளர்ச்சி பெற 27 விட்டங்களுக்கு மேல் நீளம் தேவை. மூன்றாவதுதான் ஆழமானது: சுவரருகே ஓட்டத்தைக் கணக்கிடாமல் சூத்திரத்தால் நிரப்பும் சுவர்ச் சார்பு, அங்கே வேகம் தொலைவின் மடக்கையாக (லாகரிதமாக) மாறும் என்ற மடக்கை விதியை நம்பி நிற்பது, ஆனால் ஓட்டம் சுவரைத் திரும்பத் தொடும் புள்ளியில் உராய்வுத் தகைவு சுழியாகிவிடுவதால், அந்த விதிக்கு அங்கே பொருளே இல்லை. மென்டர் 1994-இல் தந்த எஸ்.எஸ்.டி. என்ற மற்றொரு கொந்தளிப்பு மாதிரிக்கு மாறி, சுவரையொட்டிய முதல் கட்டத்தின் ஒய்-பிளஸ் மதிப்பை (சுவரிலிருந்துள்ள தொலைவின் அளவற்ற எண்ணை) 1-க்கு அருகில் வைத்து, கணக்கீட்டுக் கட்டங்களின் வலையை இருமுறை நுணுக்கிய பிறகே தூரம் சாயம் காட்டியதை நெருங்கியது.

இரண்டாம் பதிவு

எனக்கு நேர்ந்தது இதைவிடக் கடினமானது. என் குழாய் கூம்பாக, படிப்படியாக விரிந்தது. திடீர் விரிவில் ஓட்டம் எங்கே பிரியும் என்பதைக் கூர்மையான விளிம்பே முடிவுசெய்துவிடுகிறது. வழுவழுப்பான கூம்பிலோ, ஓட்டம் பிரியுமா பிரியாதா என்பதையே மாதிரிதான் சொல்ல வேண்டும். மொத்தக் கோணம் 7 பாகையை ஒட்டியிருக்கும்வரை பெரிய சிக்கல் எழவில்லை. கோணத்தைக் கூட்டியபோதும் கே-எப்சிலான் ஓட்டத்தைச் சுவரோடு ஒட்டியே காட்டி, அளவீட்டைவிட மிகுதியான அழுத்த மீட்பை (வேகம் குறைவதால் திரும்பக் கிடைக்கும் அழுத்தத்தை) தந்தது. எனவே இங்கே அழுத்தமும் ஏமாற்றும், அதுவும் வடிவமைப்பாளர் விரும்பும் திசையிலேயே ஏமாற்றும். குறுகும் குழாய்களில் அழுத்தம் ஓட்டத்தின் திசையில் குறைவதால், எனக்கு இத்தகைய தொல்லை அரிதாகவே நேர்ந்தது.

மூன்றாம் பதிவு

ஓட்டம் மீண்டும் சுவரைத் தொடும் இடத்தை இவ்வளவு துல்லியமாக அறிய வேண்டுமா என்று கேட்போருக்காக இதை எழுதுகிறேன். ஜப்பானின் மிஹாமா அணுமின் நிலையத்தில் 2004 ஆகஸ்ட் 9 அன்று, ஓட்டமானித் துளைத்தகட்டுக்கு (ஓட்டத்தை அளக்கக் குழாயில் பொருத்தும், நடுவில் துளையுள்ள தகட்டுக்கு) சற்றுப் பின்னால் வெந்நீர்க் குழாய் வெடித்து 5 பணியாளர்கள் உயிரிழந்தனர். துளையில் குறுகி மீண்டும் விரியும் நீரின் கொந்தளிப்பு, எஃகின் பாதுகாப்பு ஆக்சைடு படலத்தைத் தொடர்ந்து கரைத்ததால், 10 மி.மீ. தடிமன் கொண்ட சுவர் ஆண்டுக்கணக்கில் தேய்ந்திருந்தது. அந்த இடம் ஆய்வுப் பட்டியலிலிருந்து விடுபட்டிருந்தது.

குழாய்ச் சுவரின் தடிமனை மீயொலியால் அளக்கும் குழுவில் நான் பணியாற்றுகிறேன். எந்த இடத்தில் கருவியை வைக்க வேண்டும் என்பதற்கு எங்களுக்கு வரும் கணிப்பு அறிக்கைகளில், மொத்த அழுத்த இழப்பு மட்டுமே ஒப்பிடப்பட்டிருந்தால், முதல் பதிவர் சொன்ன காரணத்துக்காகவே அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, சுவர் உராய்வின் பரவலைக் கேட்கிறேன். அது வரும்வரை, விரிவுக்குப் பின்னால் பல விட்டங்களின் நீளத்துக்குச் சுற்றளவு முழுவதும் அளக்கிறோம்.