குலுவில் தையல் பயிற்சிக்கு உதவி: மெஷின் வாங்கிக் கொடுப்பதா, வேறு வழி உண்டா?

கணக்குப்பிள்ளை:
வணக்கம். உகாண்டாவில், கம்பாலாவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு பார்க்கிறேன். நான் பூசைக்குப் போகும் கோவிலில், இங்கே வேலைக்கு வந்திருக்கும் இந்தியக் குடும்பங்கள் சில சேர்ந்து தவக்காலக் காணிக்கையாக ஒரு தொகை எடுத்து வைத்திருக்கிறோம். வடக்கே குலு பக்கம் ஒரு கத்தோலிக்கக் கோவில் பங்கில் ஆறு மாதத் தையல் பயிற்சி நடக்கிறது, வருபவர்களில் பெரும்பாலோர் கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் பெண்கள். பங்குச்சாமி கேட்டது பத்து மெஷின். எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு மெஷின் வாங்கி அதில் பெயர் எழுதி வைக்க ஆசை, சிலர் ஆடு வாங்கித் தரலாம் என்கிறார்கள், ஒருவர் மட்டும் பணமாகவே கொடுத்துவிடுங்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சண்டை போடுகிறார். முன்பு பயிற்சி முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று சாமியாரிடம் கேட்டேன், "நன்றாக இருக்கிறார்கள்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. அந்தப் பக்கம் பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள், எதில் போட்டால் வீட்டுக்குள் காசு வரும்?

எள்ளுக்காரன்:
சிம்சிம், அதாவது எள், வாங்கி அனுப்பும் தொழில், அதனால் குலு, கிட்கும், லிரா எல்லாம் சுற்றுகிறவன். மெஷினா பணமா என்பதை அப்புறம் பாருங்கள், முதலில் தைத்ததை யார் வாங்குவார் என்று கேளுங்கள். உகாண்டாவில் சட்டையும் கவுனும் மிவும்பாவில்தான் எடுப்பார்கள், அதாவது ஐரோப்பா அமெரிக்காவிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பழைய துணி, நீங்களே ஓவினோ மார்க்கெட்டில் பார்த்திருப்பீர்கள். அந்த விலைக்குப் புதிதாகத் தைத்துக் கொடுக்க எந்தத் தையல்காரியாலும் முடியாது. மிஞ்சுவது பள்ளிச் சீருடை, கித்தெங்கே என்ற ஆப்பிரிக்க அச்சுத் துணியில் ஞாயிற்றுக்கிழமைக்கும் கல்யாணத்துக்கும் தைப்பது, பழசை வெட்டிச் சுருக்குவது, கிழிசல் தைப்பது. சீருடையில் நல்ல காசு உண்டு, ஆனால் பள்ளி திறக்கும் நேரத்தில் மட்டும், அதுவும் மறைமாவட்டப் பள்ளிகள் ஆர்டரை இந்தப் பெண்களுக்குக் கொடுத்தால். கோவில் கையில் இத்தனை பள்ளி இருக்கும்போது சீருடை ஆர்டர் தருகிறோம் என்று ஒரு கடிதம் வாங்குவது பத்து மெஷினைவிட மேல், கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, ஒரே ஊரில் வருஷா வருஷம் தையலையே கற்றுக் கொடுத்துக் கொண்டிருந்தால் என்ன ஆகும்? குலுவில் கடை வராந்தாக்களில் கால் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவர்களை ஒரு தெருவில் நடந்தாலே எண்ணி முடிக்க முடியாது. முடி பின்னுவது, பேக்கரி, வெல்டிங் என்று பிரித்து விடலாம். பெண்பிள்ளைக்கு வெல்டிங்கா என்று உங்கள் குழுவில் யாராவது கேட்பார்கள், கேட்கட்டும்.

மரியா_லாம்வோ:
எள்ளுக்காரர் அண்ணா சொன்ன சந்தை விஷயம் சரி. ஆனால் அந்தப் பெண்களின் நிலையிலிருந்தும் பார்க்கணும். குலுவில் செயின்ட் மோனிகா தையல் நிலையம் இருக்கிறது, சிஸ்டர் ரோஸ்மேரி நிரும்பே நடத்தியது, 2007இல் சிஎன்என் ஹீரோ, 2014இல் டைம் பத்திரிகையின் 100 பேர் பட்டியல் எல்லாம் வந்ததால் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எல்ஆர்ஏ என்ற கிளர்ச்சிப் படை ஆட்கள் காட்டுக்குக் கடத்திக்கொண்டு போய், பிள்ளையோடு திரும்பி வந்த பெண்களை அங்கே சேர்த்தார்கள். பல வீடுகளில் அந்தப் பிள்ளையை ஏற்கவில்லை, அதனால் தாயையும் பிள்ளையையும் சேர்த்தே எடுத்துக் கொண்டார்கள், அம்மா வகுப்பில் இருக்கும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அங்கேயே ஆள். சோடா கேனைத் திறக்கும் அந்த அலுமினிய வளையங்களைக் கோத்துப் பை செய்து வெளிநாட்டில் விற்றதும் இவர்கள்தான், மிவும்பாவோடு மோத வேண்டியதில்லை பாருங்கள்.

நான் லாம்வோ மாவட்டத்தில் பலாபெக் அகதிகள் குடியிருப்பில் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன், தென் சூடானிலிருந்து வந்தவர்கள். சலேசிய சபையைச் சேர்ந்த கத்தோலிக்கச் சாமியார்கள் அங்கே உள்ளேயே தங்கித் தொழிற்பயிற்சி நடத்துகிறார்கள். வகுப்புக்கு வராமல் நின்றுபோகிற பெண்களிடம் காரணம் கேட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல், ரேஷன் கொடுக்கும் நாள், தண்ணீர், மதியச் சாப்பாடு இல்லை, இதுதான் வரும். உங்கள் தொகையில் ஒரு பங்கு மதியக் கஞ்சிக்கும் பிள்ளை பார்க்கும் ஒரு பாட்டியின் சம்பளத்துக்கும் போனால் அதில் பெயர் எழுத முடியாது, ஆனால் வகுப்பு காலியாகாது.

சட்டம்போட்டவன்:
பணமாகக் கொடுங்கள் என்று சண்டை போடுகிறவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. 2008இல் வட உகாண்டாவில் அரசாங்கமே இளைஞர் குழுக்களுக்குப் பணம் கொடுத்துப் பார்த்தது. குழுவாகத் திட்டம் எழுதி விண்ணப்பிக்கணும், குலுக்கலில் வந்தவர்களுக்குச் சராசரியாக ஆளுக்கு 382 டாலர், பயிற்சிக்கும் கருவிக்கும் அவர்களே செலவு செய்துகொள்ளலாம். மேலே யாரும் கண்காணிக்கவில்லை. பெரும்பாலோர் குடித்துத் தீர்க்கவில்லை, தையல், தச்சு, வெல்டிங் என்று கற்றுக்கொண்டு கருவி வாங்கினார்கள், நாலு வருஷம் கழித்துப் பார்த்தால் கிடைக்காதவர்களைவிட 38 சதவீதம் கூடுதல் வருமானம். இதோடு நிறுத்தித்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஒன்பது வருஷம் கழித்து அதே ஆட்களை மறுபடி தேடிப் பார்த்தபோது பணம் கிடைக்காதவர்களும் வருமானத்தில் எட்டிப் பிடித்துவிட்டார்கள், கையில் தொழிலும் வீட்டில் பொருளும் மட்டும் இவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக நின்றது. அதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன், பிள்ளைகள் சிறிசாக இருக்கும் அந்த நாலைந்து வருஷம் காசு முன்கூட்டி வந்ததே பெரிது. ஆனால் ஒரு மெஷினால் ஒரு குடும்பம் நிரந்தரமாக மேலே வந்துவிடும் என்று நோட்டீஸ் அடிக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
எல்லோருக்கும் நன்றி. பிள்ளை பார்க்கும் ஆள் விஷயம் எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. அப்போ ஆடு? பயிற்சி முடித்து மெஷினும் கொடுத்து, அவசரத்துக்கு அவர்கள் அதையே விற்றுவிட்டால்?

மரியா_லாம்வோ:
விற்பார்கள், ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் நீங்களும் நானும் விற்போம். அதற்குத்தான் சேமிப்புக் குழு. 1991இல் நைஜரில் கேர் நிறுவனம் பெண்களோடு ஆரம்பித்த முறை, இப்போது ஆப்பிரிக்கா முழுக்க இருக்கிறது, கோவில் பங்குகளிலும் நிறைய நடக்கிறது. ஒரு தகரப் பெட்டி, மூன்று பூட்டு, மூன்று சாவியும் மூன்று பேரிடம். கூட்டத்தில் எல்லார் கண் முன்னாலும் திறந்து, ஒருத்தி ஒன்று முதல் ஐந்து சேமிப்புப் பங்கு வரை வாங்கலாம், பாஸ்புக்கில் பங்குக்கு ஒரு முத்திரை குத்துவார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கும் கணக்கு புரியும். அதிலிருந்தே கடன், வட்டியோடு. தனியாக ஒரு சின்ன நிதி ஆஸ்பத்திரிக்கும் சாவுக்கும். வருஷ முடிவில் எல்லாவற்றையும் பிரித்துக் கொள்வார்கள். நம் ஊர்ச் சீட்டு மாதிரிதான், ஆனால் கம்பெனி ஓடிப்போகும் பயம் இல்லை. வெளியிலிருந்து அந்தப் பெட்டிக்குள் காசு போடாதீர்கள், தன் காசு என்ற கண்டிப்பு அப்போதே போய்விடும். பெட்டி, பாஸ்புக், ஒரு வருஷம் வந்து சொல்லிக் கொடுக்க ஆள், அவ்வளவு செலவு போதும்.

ஆட்டைவிட நாட்டுக்கோழி எளிது, ஆனால் வறட்சிக் காலத்தில் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் ஊர்க்கோழி மொத்தமும் போய்விடும். அதற்கு வெயில் தாங்கும் ஐ2 என்ற தடுப்பு மருந்து இருக்கிறது, கண்ணில் விடுவது, மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டு. மருந்து போட யாரும் இல்லையென்றால் கோழி வேண்டாம்.

எள்ளுக்காரன்:
மெஷின் வாங்குவதாகவே முடிவானால் பயிற்சிக்கூடத்தில் வைக்காமல் முடிக்கும் பெண்ணின் பெயருக்கே கொடுங்கள், பாதி விலையைத் தவணையில் கட்டட்டும். கால் மெஷினே போதும், மின்சாரத்தை நம்பாதீர்கள். பாபின் கேஸ், பெல்ட், ஊசி உதிரியாகச் சேர்த்து வாங்குங்கள், அதெல்லாம் தேய்ந்த அன்று கிராமத்தில் கிடைக்காது. டிஐடி என்ற அரசுத் துறை பள்ளி முடிக்காதவர்களுக்கும் செய்முறைத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தந்து வந்தது, அந்தத் தேர்வுக் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள். அப்புறம் சாமியாரிடம் ஒன்று கேளுங்கள், கத்தோலிக்கர் அல்லாத பெண்களையும் சேர்க்கிறார்களா என்று. சேர்க்கவில்லை என்றால் நான் ஒரு ஷில்லிங் தரமாட்டேன்.

கணக்குப்பிள்ளை:
சேர்க்கிறார்கள், அதைப் போனபோதே கேட்டேன். முஸ்லிம் பெண்கள் இரண்டு பேர் வகுப்பில் இருந்தார்கள். சீருடை ஆர்டர் கடிதம் பற்றி இந்த வாரம் போன் போட்டுப் பேசிவிட்டு வந்து எழுதுகிறேன்.