குடும்பக் குழு: ராஜபாளையம் வீடு

ரம்யா, 9:12
கவின் டைரில மறுபடி எழுதி விட்டிருக்காங்க. இடத்துல உட்கார மாட்டேங்கிறானாம், கணக்கைப் பாதியில விட்டுடறானாம். ஏடிஎச்டி, அதான் கவனம் சிதறி துறுதுறுன்னு இருக்கற பிரச்சினை, இருக்கான்னு டாக்டர்கிட்ட காட்டச் சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் ஓடல.

பெரியப்பா, 9:15
மூணாங்கிளாஸ் பையன் ஆடாம? உன் வீட்டுக்காரன் ஆடாத ஆட்டமா? ரெண்டு போடு போட்டா சரியாயிடும்.

சாந்தி அத்தை, 9:16
ஸ்வீட்டை நிறுத்தும்மா. எல்லாம் சீனி பண்ற வேலை.

செல்வி, 9:24
சீனி காரணம் இல்லன்னு 1995லயே பல ஆய்வைச் சேர்த்துப் பாத்து சொல்லிட்டாங்க அத்தை. பல்லுக்காக வேணா நிறுத்தலாம்.

பெரியப்பா, 9:26
போன்ல கேம் குடுத்தா ரெண்டு மணி நேரம் அசைய மாட்டானே. அப்ப மட்டும் கவனம் எங்கேர்ந்து வருது?

செல்வி, 9:33
என்கிட்ட வர்ற பெத்தவங்க எல்லாரும் கேக்கறது இதுதான் பெரியப்பா. கேம்ல நொடிக்கு நொடி பாயின்ட் ஏறுது, சத்தம் வருது. கணக்கு நோட்டுல என்ன இருக்கு? சலிப்பான வேலையில மனசைப் பிடிச்சு வைக்கறதுதான் இந்தப் பிள்ளைங்களுக்குக் கஷ்டம். மூளையில டோபமைன்ங்கிற ரசாயனம் வேலை செய்யற விதமே வேற. அடிச்சா பயம்தான் வரும்.
அண்ணன் ஆடின ஆட்டத்தையும் டாக்டர்கிட்ட சொல்லணும். பரம்பரையா வர்றது ரொம்ப அதிகம்.

ரம்யா, 9:35
அப்ப கவினுக்கு இருக்குங்கிறியா?

செல்வி, 9:41
அதை நான் சொல்லக்கூடாது அண்ணி. வீடு, ஸ்கூல்னு ரெண்டு இடத்துலயாவது, 6 மாசத்துக்குக் குறையாம, படிப்பு கெடுற அளவுக்கு இருக்கணும். 12 வயசுக்கு முன்னாடியே தெரிய ஆரம்பிச்சிருக்கணும். ரத்த டெஸ்ட்டுலயோ ஸ்கேன்லயோ தெரியாது. முதல்ல காது, கண் பாத்துடுங்க. ராத்திரி ஒழுங்கா தூங்கறானான்னு கவனிங்க. அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில டி.இ.ஐ.சி. (பிள்ளைங்க வளர்ச்சிப் பிரச்சினையைச் சீக்கிரமே கண்டுபிடிச்சு உதவற மாவட்ட மையம்) எங்கன்னு கேளுங்க, பிள்ளைங்களுக்கு இலவசம்.

சாந்தி அத்தை, 9:43
மாத்திரை குடுத்து மயக்கத்துலயே வச்சிடுவாங்களாமே?

செல்வி, 9:48
இதுக்குக் குடுக்கற மெத்தில்ஃபெனிடேட் தூக்க மாத்திரை இல்ல அத்தை, மூளையைத் தூண்டுற மருந்து. பசி குறையும், அதனால எடை பாத்துப் பாத்துக் குடுப்பாங்க. எல்லாருக்கும் தேவைப்படாது.
அண்ணி, அதுவரைக்கும் "ஹோம்வொர்க்கை முடி"ன்னு சொல்லாதீங்க. "மூணு கணக்கு போட்டுக் காட்டு, மாடிக்கு ஓடிட்டு வா"ன்னு சொல்லிப் பாருங்க.

பெரியப்பா, 9:50
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கீதா சித்தி, 10:20
எங்க தர்ஷினி ஆடவே மாட்டா. ஜன்னலையே பாத்துட்டு இருப்பா, வாரத்துக்கு ஒரு பென்சில் பாக்ஸ் தொலைப்பா. இதுல அது வராதுல்ல?

செல்வி, 10:22
வரலாம் சித்தி. ஆட்டம் இல்லாம கவனம் மட்டும் சிதறுற வகையும் உண்டு. கிளாஸ்ல தொந்தரவு பண்ணாததால பொண்ணுங்ககிட்ட யாரும் கண்டுக்கறதில்ல. மதியம் கூப்பிடவா?

கீதா சித்தி, 10:23
3 மணிக்கு மேல கூப்பிடு. அவ டான்ஸ் கிளாஸ் போயிருப்பா.